அழுதால் சோம்பேறி, ஆடினால் அம்மன்

தென்னாப்பிரிக்காவில் அப்போதிருந்த நேட்டால் காலனியின் அரசு 1868-ல் போட்ட முதல் சட்டமே பைத்தியம் பிடித்தவர்களைப் பற்றியதுதான். ஆபத்தான பைத்தியங்களைப் பத்திரமாக அடைத்து வைக்கவும், மனநிலை சரியில்லாதவர்களைப் பராமரிக்கவும் என்று அதன் தலைப்பு நீளமாகப் போகும். அடைப்பது முதலில், பராமரிப்பு அப்புறம். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து டர்பனில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலி ஆட்களை இறக்கி அப்போது எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. 1880-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் மேட்டில் அதற்கென்று பெரிய கட்டடம் எழும்பியது. 1882 முதல் 1914 வரை ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்ற டாக்டர்தான் அங்கே தலைமை.

இதை எல்லாம் இப்போது கிளற வைத்தவள் என் தங்கை மகள். கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். "பெரிம்மா, அந்தக் காலத்தில் நம்ம பொம்பளைங்களுக்கு மனசு சரியில்லைன்னா என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், பதில் கைவசம் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே தமிழில் கொஞ்சம் தாராளமாக எழுதுகிறேன். அப்பா டர்பனின் கிளேர்வுட் பகுதியில் சாயங்காலத் தமிழ் வகுப்பு எடுத்தவர். டர்பனில் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு நழுவிப்போன எழுத்து எனக்கு மட்டும் தங்கியது அவரால்தான்.

முதலில் அந்த 1868 சட்டத்தின் வாசல் யாருக்குத் திறந்தது என்று பார்க்க வேண்டும். தெருவில் கத்தியவன், கத்தியைத் தூக்கியவன், தோட்டத்தைக் கொளுத்தப் போனவன், இவர்களுக்குத்தான். போலீஸ், மாஜிஸ்ட்ரேட், டாக்டர் சான்றிதழ் என்று ஒரு வழி. கூலி வரிசை வீட்டில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்கும் பெண் யாருக்கு ஆபத்து? அவளை எந்த மாஜிஸ்ட்ரேட்டும் கூப்பிட மாட்டான். ஆனால் சர்தார், அதாவது தோட்டத்துக் கங்காணி, வருவான்.

சர்தார் கண்ணுக்கு அவள் நோயாளி இல்லை, சோம்பேறி. ஒப்பந்தம் ஐந்து வருடம். ஆண்களுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் என்றால் பெண்ணுக்கு 5. வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில் பிடித்தம். தோட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முதலாளியின் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் அகப்பட்டால் தண்டனை. குடியேறிகளுக்கென்று அரசு ஒரு பாதுகாவலரை வைத்திருந்தது. அவரிடம் போய் முறையிடுவதற்கும் முதலில் அந்தச் சீட்டு கைக்கு வர வேண்டும். முதலாளி மேலே புகார் சொல்ல முதலாளியிடமே அனுமதி கேட்கிற ஏற்பாடு. ஒப்பந்தம் முடிந்தாவது விடுவார்களா? 1895 சட்டப்படி திரும்பவும் ஒப்பந்தம் எழுது, இல்லை ஊருக்குப் போ, இல்லை வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 5 ஷில்லிங், பன்னிரண்டு மாதத்துக்கு 60 ஷில்லிங், அதுதான் 3 பவுண்டு. முதல் வருடக்காரி ஒருத்தியின் முழு வருடக் கூலி, சல்லி பிசகாமல்.

இந்த நிலையில் ஒருத்தி காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னால் அதற்கு என்ன மருத்துவப் பெயர் வைப்பீர்கள்? அந்தக் காலத்தில் எந்தப் பெயரும் வைக்கவில்லை. பெயர் வைக்கிற அளவுக்கு அவள் மதிப்புள்ளவள் இல்லை.

அதே வருடங்களில் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் வெயர் மிட்செல் என்று ஒரு நரம்பு டாக்டர். காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அழுகை நிற்கவில்லை என்று வந்த பணக்கார வீட்டுப் பெண்களுக்கு அவர் கொடுத்த வைத்தியம் ஓய்வு. ஆறு வாரம், எட்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தைக்கக்கூடக் கூடாது. பாலைக் கொடுத்துக் கொடுத்து உடம்பைத் தேற்றுவார்கள். 1887-ல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர், பிள்ளை பெற்ற பிறகு வந்த மனச்சோர்வோடு அவரிடம் போனார். மிட்செல் சொல்லி அனுப்பியது, குடும்பத்தோடு ஒட்டி இரு, குழந்தையை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள், மூளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும், ஆயுசுக்கும் பேனாவைத் தொடாதே. கில்மன் அதைச் சில மாதம் செய்து பார்த்து, புத்தி பேதலிக்கிற விளிம்புக்குப் போய், வைத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார். தேறினார்.

இரண்டு பெண்கள், ஒரே அழுகை. கரும்புக்காரிக்குக் கூலி பிடித்தம், பங்களாக்காரிக்கு எட்டு வாரம் கட்டில். ஒருத்தியை ஓய்வே இல்லாமல் வேலை வாங்கினார்கள், இன்னொருத்தியை வேலையே செய்ய விடாமல் படுக்க வைத்தார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை. என் தங்கை மகளின் பாடப்புத்தகத்தில் பங்களாக்காரி மட்டும்தான் இருக்கிறாள். அதைத்தான் அவளிடம் முதலில் சொன்னேன்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கர்கள் கர்ப்பப்பை உடம்புக்குள் அலைவதுதான் பெண்களின் கோளாறுக்குக் காரணம் என்றார்கள். பாரிஸில் ஷார்கோ என்ற பேராசிரியர் ஹிஸ்டீரியா வந்த பெண்களை மேடையில் நிறுத்திக் கூட்டத்துக்குக் காட்டிப் பாடம் நடத்தினார். 1873-ல் எட்வர்ட் கிளார்க் என்ற ஹார்வர்ட் டாக்டர், பெண் பிள்ளைகள் ஆண்களைப் போல் படித்தால் கர்ப்பப்பைக்குப் போக வேண்டிய ரத்தம் மூளைக்குப் போய் உடம்பு கெடும் என்று புத்தகமே போட்டார். என் அம்மாவை நாலாவது ஸ்டாண்டர்டோடு நிறுத்திய தாத்தாவுக்கு ஹார்வர்ட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அவர் சொன்னதும் இதேதான்: "ரொம்பப் படிச்சா தலை சூடாயிடும்."

எலிசபெத் பேக்கர்டு கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இலினாய் மாநிலம். கணவர் பாதிரியார். அவருடைய மதக் கருத்தை மனைவி ஏற்கவில்லை, அதை வெளியிலும் சொன்னார். அந்த மாநிலத்தின் 1851 சட்டப்படி, கல்யாணமான பெண்ணைப் பைத்திய விடுதியில் சேர்க்கப் பொது விசாரணை தேவையில்லை. கணவன் கேட்டு, விடுதித் தலைவர் ஒப்புக்கொண்டால் போதும். 1860-ல் கொண்டுபோய் விட்டார். மூன்று வருடம். வெளியே வந்த பிறகு வீட்டிலேயே ஓர் அறையில் வைத்துப் பூட்டினார். அப்படிப் பூட்டியதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. விடுதியில் போட சட்டம் இடம் கொடுத்தது, வீட்டில் பூட்டி வைக்க இடம் கொடுக்கவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. 1864 ஜனவரியில் ஜூரிகள் ஏழு நிமிடத்தில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று வருடம் டாக்டர்களுக்குத் தெரியாதது ஏழு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இத்தனைக்கும் ஜூரிகளும் ஆண்களே.

லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்று ஓர் அறுவை மருத்துவர் பெண்ணுறுப்பை அறுத்து ஹிஸ்டீரியாவைக் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1857 சட்டத்தின்படி விவாகரத்துக் கேட்கத் துணிந்த பெண்களும் அவருடைய கத்திக்கு அகப்பட்டார்கள். 1867-ல் மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். விவாகரத்து இருக்கட்டும், இங்கே கல்யாணமே கல்யாணம் இல்லை என்றார்கள். 1913 மார்ச்சில் கேப் டவுனில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பின்படி கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. தாலி கட்டி நாலு பிள்ளை பெற்றவள் ஒரே நாளில் வைப்பாட்டி. பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்தார். அந்தப் பெண்களை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்களும் கூட நின்று போராடியதால் அது வீரம். அதே பெண் வீட்டுக்குள் மாமியாரை எதிர்த்து அப்படி உட்கார்ந்திருந்தால் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வாங்க ஆள் போயிருக்கும்.

கல்யாணச் சிக்கல் 1914-ல் தீர்ந்ததாக எழுதுவார்கள். பாதிதான் தீர்ந்தது. பல காலத்துக்கு நிலைமை இதுதான்: கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை. பதிவு செய்தால், முன்கூட்டி ஒப்பந்தம் எழுதாதவளுக்குக் கணவன்தான் சட்டப்படி மேலாளர், அவன் கையெழுத்தில்லாமல் அவள் கடன்கூட வாங்க முடியாது. அந்தக் கணவன் அதிகாரம் 1984-ல் புதிய கல்யாணங்களுக்கு ஒழிந்தது, மற்றவர்களுக்கு 1993 வரை இழுத்தது. கோயில் கல்யாணம் மட்டும் செய்த இந்து விதவைக்கும் கணவன் சொத்தில் உரிமை உண்டு என்று டர்பன் உயர்நீதிமன்றம் சொன்னது 2008-ல்தான். நான் வேலையில் இருந்த வருடங்களில் பெரும்பகுதி, என் முன்னால் வந்து "தூக்கமே வரல சிஸ்டர்" என்று சொன்ன பெண்களில் பல பேருக்கு வீட்டை விட்டுப் போனால் கையில் ஒரு காகிதம் கிடையாது.

சரி, அப்போது நம்மவர்கள் என்ன செய்தார்கள்? இருந்தது கோயில்.

என் ஆயாவின் தங்கையை நாங்கள் சின்னாயா என்போம். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம், 1890-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிற அந்தக் கரும்பாலை ஊரில் வாழ்க்கைப்பட்டவர். சின்ன வயதிலேயே விதவை. மறுகல்யாணப் பேச்சே எழவில்லை. அண்ணன் வீட்டில் சமையல், பாத்திரம், எல்லோர் பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்ப்பு. வருடம் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது உடுக்கைச் சத்தம் கேட்டால் போதும், அவருக்கு அம்மன் வந்துவிடும். தலைமுடி அவிழும். மாமா, அதாவது வீட்டையே ஆட்டிப் படைக்கிற அந்த அண்ணன், கைகட்டித் தங்கை முன்னால் நிற்பார். "ஏண்டா குடிச்சுட்டு என் பிள்ளைய அடிக்கிற?" என்று அம்மன் கேட்கும். மாமா கன்னத்தில் போட்டுக்கொள்வார். மஞ்சள் புடவை கேட்கும், வரும். பஸ் பிடித்து இசிப்பிங்கோ கோயிலுக்கு ஈஸ்டருக்குக் கூட்டிப்போகச் சொல்லும், கூட்டிப்போவார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டு அம்மன் ஒரு தடவைகூட, போய் அடுப்பைப் பற்ற வை என்று யாரிடமும் சொன்னதில்லை.

சின்னாயா நடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நடிக்கவில்லை. அந்த நேரத்தில் கையில் கற்பூரம் எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் அவர் சொன்னால் யார் காதிலும் விழாத வார்த்தை அங்கே மட்டும் விழுந்தது. அதே முடி அவிழ்ப்பும் கத்தலும் ஆடியில் கோயிலில் என்றால் அம்மன், மார்கழியில் அடுக்களையில் என்றால் பேய், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்றால் ஹிஸ்டீரியா. மருத்துவமும் இதைக் கடைசியில் பாதி ஒத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் பத்தாம் பதிப்பில் ஆவேசம் ஒரு நோயாக இருக்கிறது. ஆனால் சமயச் சடங்குக்குள் ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தில் வந்தால் அதில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஹிஸ்டீரியா என்ற பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து 1980-ல் எடுத்தார்கள்.

கோயிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. வருடத்தில் ஒரு நாள் சாயங்காலம் பேச விட்டு, மறுநாள் காலையில் அதே பாத்திரத்தைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்ன ஏற்பாடு அது. மாமா குடியை விட்டதாகவும் தெரியவில்லை.

அப்புறம் இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடிவைத்த 1950-ன் குழு வட்டாரச் சட்டம் வந்து, கேட்டோ மேனரிலும் மற்ற இடங்களிலும் இருந்தவர்களைக் கிளப்பி 60-களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டியது. பெரிய குடும்பமாக இருந்தவர்கள் சுவரோடு சுவர் ஒட்டிய சின்னச் சின்ன வீடுகளுக்குள் சிதறினார்கள். கோயில் தூரமாயிற்று, நாத்தனாரும் ஓரகத்தியும் வேறு வேறு யூனிட். பெண்கள் கூட்டம் கூட்டமாக துணி ஃபாக்டரிகளுக்கு வேலைக்குப் போனார்கள். வீட்டு வேலை அப்படியே இருந்தது, ஃபாக்டரி மேலே வந்து ஏறியது. அம்மன் வருவது குறைந்து 'நெர்வ்ஸ்' என்கிற நரம்புத் தளர்ச்சி வந்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் நெர்வ்ஸ். மதியத்துக்குள் இரண்டு கிராண்ட்பா பவுடர், நாக்கில் கொட்டி டீயை ஊற்றி விழுங்கிவிட்டு மெஷினில் உட்காருவார்கள். அதில் இருப்பது ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன். வலியையும் களைப்பையும் ஒரே பொட்டலத்தில் கட்டிப் போட வசதி. ராத்திரி பதற்றம் அடங்கித் தூங்க வேலியம். 1963-ல் உலகச் சந்தைக்கு வந்த மாத்திரை, எங்கள் அம்மாக்களின் கைப்பைக்கு வரக் கொஞ்ச காலம்தான் பிடித்தது.

டர்பன் சமூகவியலாளர் ஃபாத்திமா மீர் இந்த ஊர்த் தற்கொலைகளை இனவாரியாக ஆராய்ந்து 1976-ல் நூலாக வெளியிட்டார். சாவுக்குக் காரணத்தை ஆளின் குணத்தில் தேடாமல், அவரைச் சுற்றிக் கட்டி வைத்திருந்த சமூகத்தில் தேடினார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வார்டில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. எங்கள் படிவத்தில் பெயர், வயது, தூக்கம், பசி, மலச்சிக்கல் எல்லாம் உண்டு. வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு கட்டம் கிடையாது.

வெளிநோயாளிப் பிரிவில் பெண்ணோடு கணவரும் வருவார். டாக்டர் அவளைக் கேட்பார், பதில் அவர் சொல்வார். "ஷீ இஸ் ஆல்வேஸ் க்ரையிங், டாக்டர்." டாக்டரும் அவரைப் பார்த்தே எழுதிக்கொள்வார். மூத்த சிஸ்டர் ஒருவர் எனக்கு ஒரு வித்தை கற்றுக் கொடுத்தார். "அங்கிள், கார்டில் ஒரு ஸ்டாம்ப் விட்டுப்போச்சு, முன்னால கவுண்டரில் போய்ப் போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவது. கவுண்டரில் எப்போதும் நீண்ட வரிசை. அந்த நேரத்துக்குள் அந்தப் பெண் என்னிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து கொட்டுவதுதான் நிஜமான நோய் விவரம். மாமனார் கை நீட்டுவது, சம்பளக் கவர் பிரிக்காமல் மாமியார் கைக்குப் போவது, மூன்றாவதும் பெண் பிறந்ததால் பேச்சு நின்றது. இதில் மாத்திரைக்குக் கேட்கிற விஷயம் எது என்று சொல்லுங்கள். மாத்திரை எழுதினோம். எழுதாமல் அனுப்பினால் அந்தத் தூக்கமும் போய்விடும்.

இது வரைக்கும் படித்துவிட்டு, பெண்களுக்கு மனநோயே கிடையாது, எல்லாம் சமூகம் கட்டிய கதை என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். தங்கை மகளும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாள். நிஜமான நோய் உண்டு. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கையால் ஊசி போட்டிருக்கிறேன். கட்டுப்பாடு செய்த இன்னொரு கெடுதலே அதுதான். நோயில்லாதவளை நோயாளி என்றது ஒரு பக்கம். நோய் இருக்கிறவளை ஒளித்து வைத்தது இன்னொரு பக்கம்.

எங்கள் உறவில் ஒருத்தி. எனக்கு அக்கா முறை. இருபது வயதில் அவள் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அவளுக்குக் கீழே கல்யாணத்துக்கு மூன்று தங்கைகள். வெளியே தெரிந்தால் வரன் வராது. அதனால் கொல்லைப்புறத்து அறையில் வைத்தார்கள். விருந்தாள் வந்தால் கதவு சாத்துவார்கள், ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். செய்வினை என்று ஒருவரிடம் பார்த்தார்கள், முனி என்று இன்னொருவரிடம் பார்த்தார்கள். கோழி, எலுமிச்சை, தாயத்து. கடைசித் தங்கைக்கு முகூர்த்தம் முடிந்த பிறகுதான் அவளை டாக்டரிடம் காட்டினார்கள். மாதா மாதம் மாடிகேட் ஊசி. சில மாதங்களில் குரல்கள் அடங்கின. தானே தலை வாரிக்கொண்டாள், மார்க்கெட்டில் ஒரு கீரைக் கடையில் சில்லறை எண்ணி வாங்கும் வேலைக்குப் போனாள். கணக்கில் ஒரு காசு பிசகாது. முதலிலேயே ஊசி போட்டிருக்கலாமே என்று கேட்டால் வீட்டில் இன்னும் பதில் சொல்ல மாட்டார்கள். தங்கைகளின் கல்யாணம் நடந்ததே, அதைப் பார் என்பார்கள்.

இன்றைக்கு 2002-ன் மனநலச் சட்டம் இருக்கிறது. ஒருவரை விருப்பமில்லாமல் சேர்க்க விண்ணப்பிக்கிறவர் கடைசி ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், 72 மணி நேரம் கவனிக்க வேண்டும், மேலே மறுஆய்வுக் குழு வேறு. காகிதத்தில் நல்ல சட்டம். பேக்கர்டு அம்மாளுக்கு இது கிடைத்திருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

அக்காவின் அப்பா போன வருடம் இறந்தார். உயில் இல்லை. பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, வீட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டுதானே என்று அவள் கேட்டாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். தங்கைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தம்பி எழுந்து பக்கத்தில் வந்து, "அக்கா, இந்த மாசம் ஊசி போட்டியா?" என்றான்.

போட்டிருந்தாள். தேதியையும் சொன்னாள். சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து வக்கீல் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.